புரட்டாசியில் ஒரு கருவாட்டுக் குழம்பு

1977ஆம் ஆண்டு அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசி 23. காலை மணி ஆறு பத்து. வானம் வெளுத்துக் கிடந்தது. பழவேற்காட்டுப் பக்கம் மட்டும் ஒரு கீற்று மேகம். காற்று இல்லை, மழை வரும் அறிகுறியும் இல்லை. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், சித்தப்பா மகன் கையில் கடிகாரம் இருந்தது. எங்கள் வீட்டில் யார் கையிலும் இல்லை. அவன் என்னைவிட எட்டு மாதம் சின்னவன். இருவரும் ஒரே ஆறாம் வகுப்பு. அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது. கடிகாரம் அவன் கையில் இருக்கும், மணி நான் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்கும் புதுவாயலுக்கும் நடுவில், ரயில் பாதையிலிருந்து கிழக்கே உள்ளே தள்ளி இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது ஆளுக்கு ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் கழனி வந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரே வரப்பு. ஒரே ஏரித் தண்ணீர், ஒரே மண். ஒரு வித்தியாசமும் கிடையாது. வித்தியாசம் குவைத்திலிருந்து வந்தது.

சித்தப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். கழனி வேலை அவருக்கு ஒத்துவராது என்று அந்த வேலையைக் கற்றுக்கொள்ளச் சொன்னவரே நைனாதான். ஒரு வருடம் பஸ் சார்ஜும் கொடுத்தார். அப்புறம் குவைத்தில் எண்ணெய்க் குழாய் பற்றவைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று சென்னையில் ஒரு ஏஜென்ட் சொல்ல, சித்தப்பா விமானம் ஏறினார். எங்கள் ஊரிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவர். நைனா பெருமையோடு மாலை போட்டு அனுப்பினார். அந்த மாலை நாலு ரூபாய்.

அந்த வருடங்களில் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊருக்கு அது இரண்டு வழியாக வந்தது. சித்தப்பா வீட்டுக்கு மணியார்டராகவும் மாடி வைத்த மெத்தை வீடாகவும் நைலான் புடவையாகவும் வந்தது. எங்கள் வீட்டுக்கு டீசல் விலையாகவும் யூரியா விலையாகவும் வந்தது. கிணற்று மோட்டாருக்கு ஊற்றும் டீசலை நைனா தகரப் புனலில் சொட்டுச் சொட்டாக வடித்து ஊற்றுவார். எல்லாம் ஒரே எண்ணெய்தான் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். டீசல் வாங்கப் போகும்போதெல்லாம் சித்தியின் வீட்டுப் பக்கம் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாள்.

சித்தி கெட்டவள் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவளாக இருந்திருந்தால் எரிச்சலை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அவள் எங்களுக்கும் சோப்பு கொடுத்தாள். ஒரே ஒரு சோப்பு. அவள் குளியலறையில் மூன்று இருந்ததை நான் எண்ணிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். அந்தச் சோப்பை அம்மா போடவில்லை. துணிகளுக்கு நடுவில் வைத்தாள். எங்கள் வீட்டுக் கந்தல்கூட அந்த வருடம் குவைத்து வாசனை அடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கழனியில் நடவு. சனிக்கிழமை மாலையே நைனாவும் இரண்டு ஆட்களும் நாற்றைப் பறித்துக் கட்டி மடைத் தண்ணீரில் போட்டிருந்தார்கள். இருநூற்று அறுபது கட்டு, நான்தான் எண்ணினேன். பறித்த நாற்று காத்திருக்காது. மறுநாள் நட வேண்டும், தப்பினால் அதற்கடுத்த நாள். அதற்கு மேல் அழுகிவிடும். அழுகினால் வேறு நாற்று விட விதையும் இல்லை, பருவமும் இல்லை. அந்தப் போகம் போய்விடும். வருடத்துக்கு எங்களுக்கு அது ஒன்றுதான்.

நடவுக்குக் காலனியிலிருந்து பதினெட்டுப் பெண்கள் வருவதாகப் பேச்சு. ஆட்களைச் சேர்த்து அழைத்து வருகிறவள் கன்னியம்மா. அவள் புதன்கிழமையே நைனாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். கூலி வழக்கம்போல் ஆளுக்கு இரண்டரை ரூபாய்.

ஆறு பத்துக்குப் பதினெட்டுப் பேரும் வரப்பில் வரிசையாக வந்தார்கள். எங்கள் கழனியைத் தாண்டினார்கள். சித்தியின் கழனியில் இறங்கினார்கள்.

நைனா கையில் ஒரு நாற்றுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். "இன்னா கன்னியம்மா, நம்ப கழனி இந்தாண்ட கீது" என்றார், அவள் வழி தவறிவிட்டதைப் போல.

"தெரியும் நைனா" என்றாள் கன்னியம்மா. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, நேராகப் பார்த்தே சொன்னாள். "சின்னம்மா நாலு ரூபா தராங்கோ. டீ, பன்னு வேற. நீங்களே சொல்லுங்கோ, நா இன்னா பண்றது?"

 நைனா நாற்றுக் கட்டை மறுபடி தண்ணீரில் போட்டார். பிறகு ஊரில் எந்த ஆண்பிள்ளையும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழனியின் தெற்கு மூலையில் குனிந்து தானே நட ஆரம்பித்தார். நடவு பெண்கள் வேலை. அவருக்குக் கை வரவில்லை. வரிசை பாம்பு போன மாதிரி வளைந்தது. பக்கத்துக் கழனியில் யாரோ சிரித்தார்கள். அவர் நிமிரவில்லை.

அம்மா வரப்பில் நின்று அதைப் பார்த்தாள். "போய்ப் பாத்துக்கினு வாடா, இன்னா இன்னா நடக்குதுன்னு" என்று என்னை அனுப்பினாள். எண்ணிவிட்டு வருவதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை.

சித்தியின் வரப்பில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்காலியின் மேல் டேப் ரிக்கார்டர். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி, வெள்ளி நிறம், ஆறு கட்டை பேட்டரி. குவைத்திலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு மலையாளத்துக்காரர் கையில் சித்தப்பா கொடுத்தனுப்பி, அது வந்து பத்து நாள் ஆகியிருந்தது. சினிமாப் பாட்டு கழனி முழுக்கக் கேட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் சித்தப்பா மகன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தலை வெயிலில் இருந்தது. குடை பெட்டிக்கு.

நான் கிட்டே போனேன்.

"தொடாதடா. ஜப்பான் மால்" என்றான்.

"தொடலியே. பாக்கத்தானே பாக்கறேன்."

"அங்க நின்னு பாரு. மூச்சுக் காத்து பட்டா கேசட்டு கெட்டுப் பூடும்னு எங்கம்மா சொல்லிக்கீது."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு சக்கரங்கள் மெதுவாகச் சுற்றின. ஏழு பொத்தான்கள். ஆறு கறுப்பு, ஒன்று சிவப்பு. ஜப்பானில் ஒருவன் செய்து, குவைத்தில் ஒருவர் வாங்கி, மலையாளத்துக்காரர் தூக்கிவந்து, கடைசியில் மணி பார்க்கத் தெரியாத ஒருவன் குடை பிடிக்கிறான். இத்தனை பேர் கையில் பட்ட பொருள் என் கையில் மட்டும் படக் கூடாதாம்.

பாட்டுக்கு ஏற்ற மாதிரி பெண்களின் கை ஓடியது. பாட்டு வேகமானால் நடவு வேகமாயிற்று. மணி பதினொன்றுக்குள் பாதிக் கழனி பச்சையாகிவிட்டது. எங்கள் கழனியில் நைனா நட்ட ஒரு மூலை மட்டும், தலையில் சொட்டை விழுந்து நடுவில் நாலு மயிர் முளைத்த மாதிரி இருந்தது.

நான் போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். டீ எத்தனை டம்ளர், பன் எத்தனை, பாட்டு எத்தனை. அம்மா மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். மூக்கின் மேல் முந்தானையைக் கட்டிக்கொண்டு, மூன்று கல் கூட்டி, விரிசல் விட்ட ஒரு பழைய சட்டியில் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். வாசனை வந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. அது கருவாடு.

எங்கள் பக்கத்தில் புரட்டாசி எப்படிப்பட்ட மாதம் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். திருப்பதி எங்களுக்கு எட்டிப் பிடிக்கும் தூரம். அந்த மாதம் முழுக்க வீட்டில் முட்டைகூட வராது. பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் கூடைக்காரிகள் எங்கள் தெருவுக்குள் நுழையவே மாட்டார்கள். மாதம் முடிந்த பிறகு சாப்பிடலாம் என்று அம்மா பானையில் பத்திரப்படுத்தி, வாயைத் துணியால் கட்டி, வீட்டுக்கு வெளியே வைத்திருந்த வஞ்சிரக் கருவாடு அது. மூணேகால் ரூபாய்க்கு வாங்கியது. அதைத்தான் புரட்டாசி 23ஆம் நாள் கத்திரிக்காய் போட்டுக் கொதிக்கவைத்தாள்.

"சாமி குத்தம் இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

"நாம துன்னாத்தான் குத்தம். அவங்களுக்கு ஏதுடா வெரதம்? நாலு ரூபா குடுக்க நம்பகிட்ட டப்பு இல்ல. நாக்குக்குக் குடுத்தா வருவாங்கோ."

அவங்களுக்கு ஏது விரதம் என்பதை அம்மா யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் தெருவில் யாருமே அதைக் கேட்டதில்லை. தெரிந்த விஷயம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

என்னை மறுபடி வேவு பார்க்க அனுப்பினாள். நான் போனபோது மணி பன்னிரண்டே கால். சித்தி நாற்காலி அருகே வந்தாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. கேசட்டை எடுத்து வேறொன்றைப் போட்டாள். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள், அதில் ஒன்று சிவப்பு. சக்கரம் சுற்றியது, பாட்டு வரவில்லை. சித்தி பெண்களைப் பார்த்து, "பாடுங்கமே, நீங்க பாடறதுதான்" என்றாள். அவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, கன்னியம்மா ஓர் அடி எடுக்க, மற்றவர்கள் நடவுப் பாட்டு பாட ஆரம்பித்தார்கள்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டி கெட்டுவிட்டது. பாட்டுக்குப் பெட்டி இல்லாததால் வாயால் பாடச் சொல்கிறாள். அந்த வருடத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வேறெதிலும் வந்ததில்லை. கொட்டகைக்கு ஓடினேன்.

"அம்மா, பேட்டரி தீந்து பூச்சி! பொட்டி ஊம!"

அம்மா கண்ணை மூடி, கோவிந்தா என்றாள். கருவாட்டுச் சட்டியைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். "நீ முன்னால போய்ச் சொல்லு. சத்தமா சொல்லு" என்றாள்.

நான் இரண்டு கழனிக்கும் நடுவில் இருந்த அந்த ஒற்றை வரப்பில், சரியாக நாற்காலிக்கு எதிரே போய் நின்றேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "எங்க கழனில எறங்கறவங்களுக்குச் சுடுசோறு! வஞ்சிரக் கருவாட்டுக் கொழம்பு! கத்திரிக்கா போட்டது!"

நடவுப் பாட்டு நின்றது. பதினெட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள். அதற்குள் அம்மாவும் வந்து சட்டியை வரப்பில் இறக்கி மூடியைத் திறந்துவிட்டாள். வாசனை காற்றில்லாத அந்த மத்தியானத்தில் நகராமல் அங்கேயே நின்றது.

கன்னியம்மா சேற்றுக் கையால் வாயைப் பொத்த முடியாமல் முழங்கையால் மூக்கை மூடிக்கொண்டாள். "பெருமாளே! இன்னாம்மா இது? புரட்டாசில கருவாடா? உங்க ஊட்டுலயா?"

"உங்களுக்குத்தாம்மே" என்றாள் அம்மா.

"எங்களுக்கா? நாங்க பதினெட்டு பேரும் வெரதம். வர்ற சனிக்கெழம திருப்பதிக்கு நடந்தே போறோம், தெரியாதா? மஞ்சத் துணில முடிஞ்சி வெச்சிக்கினு கீறோம், உண்டியல்ல போட. அதுக்குத்தாம்மா நாலு ரூபான்ன உடனே இங்க எறங்கனோம். இல்லாங்காட்டி உங்களுக்குச் சொன்ன சொல்ல வுடுவனா?"

ஒருத்தி பின்னாலிருந்து, "கண்ணு, உங்கம்மாவ நல்லா குளிச்சிட்டு ஊட்டுக்குள்ள போவச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான், பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். சிரிப்பு எப்படி இருந்தது என்றால், சேற்றுத் தண்ணீர் அலை அடித்தது.

சித்தியும் சிரித்துவிட்டாள். "இன்னாக்கா, பெருமாளுக்கே கருவாடு காட்டிட்டியே!"

மற்றவர்கள் சிரித்ததை அம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஓரகத்தி சிரித்ததை அவளால் பொறுக்க முடியவில்லை.

"சிரிமே, சிரி. எண்ணக் கெணத்துக்குப் போனவன் பொண்டாட்டி இல்ல, நல்லா சிரி. அங்க பாரு, கூனிக்கினு நாத்து நடுறாரு பாரு, அந்தாளு குடுத்த பஸ் சார்ஜுலதான் உன் புருசன் வெல்டிங் கத்துக்கினாரு. நாங்க கூப்ட்ட ஆளுங்கள நீ நாலு ரூபா வுட்டெறிஞ்சி இஸ்துக்கினு போற. ஒரு வார்த்த கேட்டியா? அக்கா, எனக்கும் நடவு கீது, நாளிக்கி வெச்சிக்கலாமான்னு கேட்டா நா மாட்டேன்னா சொல்லப் போறேன்? டப்பு வந்தா வாய் பேசாதா? ஊட்டுக்கு மெத்த போட்டுக்கின, கைக்கு வளையல் போட்டுக்கின, வரப்புக்கு நாற்காலி போட்டுக்கின. எல்லாம் வந்துச்சி. அவரு எப்ப வராருன்னு கேட்டியா? உம் புள்ள அப்பன் மூஞ்சப் போட்டோல பாத்துத்தான் வளருது. எம் புள்ளைக்குக் கடியாரம் இல்லதான். அவனுக்கு அப்பன் கீறாரு, தோ, கழனிலயே கீறாரு."

சித்தி சிரிப்பை நிறுத்தினாள்.  அவள் மகன் குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான்.   அம்மா இன்னும் ஏதோ சொன்னாள், ஆனால் குரல் இறங்கிவிட்டது. சோப்பைப் பற்றி ஏதோ. உபயோகிக்காமல் வைத்திருக்கிறேன், நல்ல வாசனை, என்றாள். சண்டையின் நடுவில் அது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கன்னியம்மாதான் கடைசியில் முடித்துவைத்தாள். "போதும்மா. நாளிக்கி உங்க கழனி. விடிஞ்சதும் எறங்கறோம். ஆனா நாலு ரூபா. கொழம்பு வாணாம்."

"நாலு ரூபாயா!" என்றாள் அம்மா.

"நாலு ரூபா."

தெற்கு மூலையில் நைனா நிமிர்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சரி என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மறுபடி குனிந்தார்.

சித்தி குனிந்து பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். சக்கரம் நின்றது. கெட்டுப்போன பெட்டியை ஏன் நிறுத்துகிறாள் என்று நினைத்தேன்.

குழம்பை எங்கள் தெரு நாய்கள் சாப்பிட்டன. மூன்று நாய்கள். அவற்றுக்கு மட்டும்தான் அந்த மாதம் விரதம் இல்லை. அம்மா ஒரு வாரம் இரண்டு வேளை குளித்தாள். திங்கட்கிழமை பதினெட்டுப் பேரும் சொன்னபடி இறங்கினார்கள். இரண்டு இரவு தண்ணீரில் கிடந்த நாற்றுக்கு நுனி மஞ்சளாகியிருந்தது, ஆனாலும் பிழைத்துக்கொண்டது. நாற்பத்தைந்து ரூபாய் ஆக வேண்டிய நடவு எழுபத்திரண்டு ரூபாய் ஆயிற்று. அடுத்த வருடம் ஊர் முழுக்க நாலு ரூபாய். அதற்கடுத்த வருடம் ஐந்து. ஏறிய கூலி இறங்கவே இல்லை. குவைத்துக்காரன் பொண்டாட்டி ஊரைக் கெடுத்துவிட்டாள் என்று எங்கள் தெரு முழுக்கப் பேசியது. காலனியில் என்ன பேசினார்கள் என்று எங்கள் தெரு கேட்டதில்லை. கன்னியம்மாவின் மகனும் பிறகு வெல்டிங் கற்றுக்கொண்டு அபுதாபிக்குப் போனான் என்பது மட்டும் தெரியும். அவன் கட்டிய வீடும் மெத்தை வீடு. நான் அதற்கும் பொறாமைப்பட்டேன். எனக்குப் பட்சபாதம் கிடையாது.

1979 ஏப்ரலில் சித்தப்பா வந்தார். மீனம்பாக்கத்திலிருந்து டாக்சியில். ஊரே பெட்டி திறப்பதைப் பார்க்கக் கூடியது. தைலம், டார்ச் லைட், சென்ட், புடவை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சித்தப்பா என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, "டேய், அதைச் சொல்றா! கத்திரிக்கா போட்டது!" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே கத்திக் காட்டினார். என் குரலில், என் ராகத்தில், சுடுசோறு என்னும் இடத்தில் நான் இழுத்தபடியே இழுத்து.

அப்போதுதான் தெரிந்தது, அந்தச் சிவப்புப் பொத்தான் எதற்கு என்று. பெட்டியை அனுப்பும்போது சித்தப்பா ஒரு கேசட்டில் பேசி அனுப்பியிருக்கிறார். பணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லையாம். நம் கழனியில் நடவு நடக்கும்போது அந்தப் பெண்கள் பாடுவதைப் பிடித்து அனுப்பு, தவளைச் சத்தம் வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார். சித்தி பந்தாவுக்காக நாற்காலி போட்டுப் பெட்டியை வைத்தாள் என்று நாங்கள் நினைத்தோம். பாட்டு முடிகிற வரைக்கும் ஆட்களை அவள் நல்லபடியாக வைத்துக்கொள்ள நினைத்திருக்கிறாள், அவ்வளவுதான். கடைசியில் குவைத்துக்குப் போனது நாலு அடி நடவுப் பாட்டும், மீதி கருவாட்டுக் குழம்பும்.

"எட்டுப் பேரு ஒரே ரூம்ல" என்று சித்தப்பா நைனாவிடம் சொன்னார். "வெள்ளிக்கெழம ஆனா அந்தக் கேசட்டப் போடு போடுன்னுவாங்கண்ணா. மலையாளத்துக்காரன், ஆந்திராக்காரன், எல்லாருக்கும் இவன் பேரு கருவாட்டுப் பையன்." பிறகு கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மாவைப் பார்த்து, "அண்ணி, உங்க கொழம்பு வாசன குவைத்து வரிக்கும் வந்துச்சி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா உள்ளே போய்விட்டாள். ஏழு அந்நிய ஆண்கள் வெள்ளிக்கிழமைதோறும் உட்கார்ந்து தன் சண்டையைக் கேட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை. "அந்தச் சனியன் பொட்டி இந்த ஊட்டு வாசப்படியத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். சொன்னது சொன்னதுதான். நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து, டேப் ரிக்கார்டர் வாங்க முடிகிற நிலைமைக்கு வந்த பிறகும் வாங்கவில்லை. என் அக்காவின் கல்யாணத்தில் மைக் வைத்தவன் பேச்சைப் பதிவு செய்ய ஒரு பெட்டியை இயக்கியபோதும் அம்மா வாயை மூடிக்கொண்டாள். 1991இல் இறந்துபோனாள். இரண்டு போட்டோ இருக்கின்றன. இரண்டிலும் வாய் மூடித்தான் இருக்கிறது.

நைனாவும் சித்தப்பாவும் இப்போது உயிரோடு இல்லை. எங்கள் ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்டை நான் அவசரப்பட்டு 1989இல் விற்றேன். சித்தப்பா மகன் பொறுத்திருந்து விற்றான், அந்தக் கதையை எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். போன மாதம் அவன் போன் செய்தான். சின்ன வயதில் டா போட்டவன் இப்போது அண்ணா என்கிறான். பீரோவைக் காலி செய்யும்போது அந்தக் கேசட் கிடைத்ததாம்.

அதை எனக்குக் கொடு என்று கேட்டேன்.

"ஒரிஜினல் எங்கிட்டயே இருக்கட்டும்ணா, எங்கப்பா ஞாபகம். நீங்க காப்பி எடுத்துக்குங்க" என்றான்.

உலகத்தில் என் அம்மாவின் குரல் இருப்பது ஒரே இடத்தில். அது அவன் வீட்டு பீரோ. ஐம்பது வருடமாக அவனிடம் இருந்து என்னிடம் இல்லாத சாமான்களை எண்ணிவந்திருக்கிறேன். இது ஒன்று அந்தக் கணக்கில் வராமல் போயிற்று.

கும்மிடிப்பூண்டியில் பழைய கேசட்டை மாற்றிக்கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. கேசட்டை அவன் என் கையில் தரவில்லை. தானே கொண்டுவந்து, கடைக்காரரிடம் தானே கொடுத்து, அது சுற்றி முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றான். குடைதான் இல்லை. "காசு நான் தரேன்ணா" என்றான். நான் விடவில்லை.

கேசட்டின் முன்பகுதி தேய்ந்துபோயிருந்தது. நடவுப் பாட்டு மழையில் கேட்பது போல இரைந்தது. நான் கத்தியது கிட்டத்தட்ட அழிந்தே போய்விட்டது, கத்திரிக்காய் மட்டும் கேட்டது. பிறகு பெண்கள் சிரிப்பு, சித்தி சிரிப்பு. அதற்கப்புறம் திடீரென்று எல்லாம் தெளிவாகிவிட்டது, நேற்று பிடித்த மாதிரி. "சிரிமே, சிரி" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"இங்கேர்ந்து புதுசாட்டம் கீதே" என்றார் கடைக்காரர். "முன்னாடி நூறு தபா ஓட்டிக்கிறாங்கோ. இதுக்கப்புறம் ஓட்டவே இல்ல சார்."

சித்தப்பா மகன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "அப்பா இந்த எடம் வந்தா நிறுத்திடுவாருண்ணா. 'அவரு எப்ப வராரு'ன்னு பெரீம்மா கேக்குமே, அது வரிக்கும் போவ மாட்டாரு."

அம்மா மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினாள். ஒரு சொல் விடாமல் கேட்டது. கடைசியில் சோப்பு வாசனையைச் சொன்னதும், அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சியதும்கூடக் கேட்டது. அன்றைக்கு வரப்பில் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்த எனக்கு அவள் அழுதது தெரியவில்லை. நைனா ஓர் இடத்திலும் பேசவில்லை. கையைத்தான் தூக்கினார். அதனால் அவர் அதில் இல்லை.

அந்தப் பெட்டி பாட்டுக் கொடுக்கிற பெட்டி என்று மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தெரியும். அது எங்களிடமிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும் என்பது தெரியாது. தெரிந்திருந்தால், நைனாவையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருப்பேன்.

கேசட்டை மாற்றியதற்கு நானூற்று ஐம்பது. பென் டிரைவ் முந்நூற்று எண்பது. போக வர இரண்டு தடவை பஸ், அறுபது. அவனுக்கும் கடைக்காரருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது முப்பது. ஆக மொத்தம் தொள்ளாயிரத்து இருபது ரூபாய்.